டப்பாவில் 4.5 என்றுதான் போட்டிருக்கும்: ஏர் ரைபிளுக்குப் பெல்லட் தேர்ந்தெடுக்கும் வழி

போன மாங்காய் சீசனில் காவேரிப்பட்டணத்துத் தம்பி ஒருவர் இரண்டு டப்பா பெல்லட்டோடு, அதாவது ஏர் ரைபிளில் போடும் ஈயக் குண்டோடு, வீட்டுக்கு வந்தார். "அண்ணா, ரெண்டும் 4.5 மில்லிமீட்டர், எடையும் ஒண்ணுதான். இதுல சுட்டா குண்டு மேல குண்டு விழுது. அதுல சுட்டா குறி வைக்கிற கார்டு சல்லடை ஆயிடுது. என் கையில கோளாறா, கன்னுல கோளாறா?"

டப்பாக்களைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைக் காட்டினேன். ஒன்றில் 4.50, மற்றதில் 4.52. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கு. தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. அவருடைய பேரலுக்கு, அதாவது துப்பாக்கிக் குழாய்க்கு, அந்த இரண்டு பங்கு பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு டூல் ரூமில் வேலை பார்க்கிறவன். நாள் முழுக்க மைக்ரான் கணக்கு பேசிவிட்டு, சாயங்காலம் அதையே மறந்து, கடையில் எது மலிவோ அதை வாங்கிச் சுட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருஷம் அப்படித்தான் போனது. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த ஒன்றரை வருஷம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மருந்து வேண்டாம், காற்று போதும்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் துப்பாக்கி என்று பேச்செடுத்தாலே, வெடிமருந்து கெட்டித்து ஈய ரவை போட்டுச் சுடும் நாட்டுத் துப்பாக்கிதான் பலருக்கு நினைவு வரும். மலையோர ஊர்களில் அதைத் தாமாக ஒப்படைக்கச் சொல்லிப் போலீசும் வனத்துறையும் கேட்பது அடிக்கடி வரும் செய்தி. அதனால் இந்தப் பேச்சை முதலிலேயே முடித்துவிடுகிறேன். தோட்டாவில் மருந்து அடைப்பதும், காலித் தோட்டாவைத் திரும்ப நிரப்புவதும் உரிமம் இல்லாமல் வீட்டில் செய்கிற வேலை இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் அதற்குக் குறுக்கே நிற்கின்றன. அமெரிக்காவில் இது கார் ஷெட்டில் உட்கார்ந்து செய்யும் பொழுதுபோக்கு. அங்கே புத்தகமும் உண்டு, அட்டவணையும் உண்டு. அப்படியிருந்தும், வேகமாக எரியும் மருந்தை மெதுவாக எரியும் மருந்து என்று தவறாக எடுத்துப்போட்டால் துப்பாக்கியே வெடித்துவிடும்.

ஆனால் அந்தக் கலையின் அடிப்படைப் பாடம் மூன்றுதான்: குண்டின் விட்டம், குண்டின் எடை, தள்ளும் விசை. இந்த மூன்றையும் 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிளில் பத்து மீட்டர் தூரத்தில் கற்றுக்கொள்ளலாம். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், 2012-இல் லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் வாங்கியதும் இந்தப் பத்து மீட்டர் ஏர் ரைபிளில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதே போட்டிதான்.

வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆயுத விதிகள் 2016-இன்படி, துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ, அந்த ஏர்கன்னுக்கும் உரிமம் தேவை. 5.5 வாங்கினால் 'பவர்' அதிகம் என்று யாராவது ஆசை காட்டினால் தலையாட்டாதீர்கள். பில்லையும், அடையாள அட்டை நகலையும் துப்பாக்கிப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் 'வினாடிக்கு 1,000 அடி' என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். 1,000 அடி என்பது 305 மீட்டர். அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல், அதாவது 0.53 கிராம் எடையுள்ள குண்டு உண்மையிலேயே அந்த வேகத்தில் போனால் ஆற்றல் 24 ஜூல் அளவைத் தாண்டிவிடும். 0.53 கிராமுக்கு 20 ஜூல் எல்லை என்பது வினாடிக்குச் சுமார் 275 மீட்டர். பெட்டியில் போடும் வேகம் பெரும்பாலும் 0.35 கிராம் போன்ற இறகு எடைக் குண்டை வைத்து அளந்தது. கணக்கு எளிது: எடையைக் கிலோவில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, பாதியாக்க வேண்டும். கடைக்காரரிடம் எந்தக் குண்டை வைத்து அளந்த வேகம் என்று கேட்டுப் பாருங்கள்.

பெயரில் உள்ள எண்ணை நம்பக் கூடாது

துப்பாக்கி உலகத்தில் பெயரில் ஒரு எண் இருக்கும், அளவில் வேறு எண் இருக்கும். இது புரிந்தால்தான் பெல்லட் விஷயம் பிடிபடும்.

நம் போலீசார் வெகுகாலம் தோளில் தூக்கிய .303 ரைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். பேரலுக்குள் திருகுபோல ஓடும் வரிகள் வெட்டியிருப்பார்கள். வரிக்கு வரி நடுவே உள்ள மேட்டிலிருந்து எதிர் மேடு வரை அளந்தால் .303 அங்குலம், அதாவது 7.70 மில்லிமீட்டர். ஆனால் அதில் போகும் குண்டின் விட்டம் .311 அங்குலம், ஏறக்குறைய 7.90. துளையைவிடக் குண்டு பெரியது. குண்டு வரிக்குள் இறுகிப் போக வேண்டும், அப்போதுதான் சுழலும். சுழன்றால்தான் நேராகப் போகும். 7.62 என்று சொல்லும் ரைபிளிலும் இதே கதைதான், குண்டு 7.82 மில்லிமீட்டர். .38 ரிவால்வர் இன்னும் வேடிக்கை: குண்டின் விட்டம் .357 அங்குலம்தான். பழைய காலத்தில் குண்டும் தோட்டா உறையும் வெளிப்பக்கம் ஒரே அளவில் இருந்தன. பிறகு குண்டு உறைக்குள் போய்ச் சிறுத்துவிட்டது, பெயர் மட்டும் பழையபடி நின்றுவிட்டது.

பன்னிரண்டு போர் (துளை அளவு) துப்பாக்கி என்பதில் மில்லிமீட்டரும் இல்லை, அங்குலமும் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை போகும் துளை. கணக்குப் போட்டால் சுமார் 18.5 மில்லிமீட்டர் வரும்.

ஏர் ரைபிளில் .177 என்றாலும் 4.5 மில்லிமீட்டர் என்றாலும் ஒன்றுதான். இங்கிலாந்தின் பழைய டப்பாக்களில் இதையே 'நம்பர் 1' என்று போட்டிருப்பார்கள். இந்த 4.5 வீட்டுப் பெயர் மாதிரி. ஒரே வீட்டில் 4.49, 4.50, 4.51, 4.52 என்று நான்கு பிள்ளைகள் இருக்கும். நமக்கு வேண்டியது எந்தப் பிள்ளை என்பதுதான் கேள்வி.

ஒரு பெல்லட்டைக் கையில் எடுங்கள்

உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், அப்படியே குட்டி உடுக்கை. முன்னால் தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்னால் விரிந்த பாவாடை. பின்பக்கம் குடைந்து காலியாக இருக்கும். ஈயம் என்பதால் நகத்தால் அழுத்தினால் தழும்பு விழும்.

தலை பேரலின் மேட்டில் உட்கார்ந்து வழிகாட்டுகிறது. பாவாடை காற்றின் அழுத்தத்தில் இன்னும் விரிந்து, வரிகளுக்குள் நிறைந்து, காற்று ஒழுகாமல் அடைக்கிறது. தலை தேவைக்குச் சிறியதாக இருந்தால் பேரலுக்குள் ஆடிக்கொண்டே போகும். பெரியதாக இருந்தால் பிதுங்கி, உராய்ந்து, குண்டுக்குக் குண்டு வேகம் மாறும். டப்பா அடியில் போட்டிருப்பது இந்தத் தலையின் விட்டம். மலிவான டப்பாக்களில் இந்த எண்ணே இருக்காது. அப்படியென்றால் எல்லாம் கலந்து கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

முனை வடிவத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். அட்டையில் சுடத் தட்டைமுனை வாங்குங்கள், முடிந்தது. அது காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல் வட்டமாக ஓட்டை போடும். உருண்டை முனை தூரத்துக்கு நல்லது. கூர்முனை பார்க்க மிரட்டலாக இருக்கும், குறியில் பெரும்பாலும் ஏமாற்றும். எஃகு உருண்டைகளை மட்டும் வரி வெட்டிய பேரலில் போடவே போடாதீர்கள். வரி தேய்ந்துபோகும், குண்டும் திரும்பி வரும்.

எடையும் காற்றும்

பெல்லட் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். ஒரு கிரெயின் 0.0648 கிராம். போட்டி ரைபிளுக்கு 8.2 கிரெயின், அதாவது 0.53 கிராம் வாடிக்கை. பிஸ்டலுக்கு அதைவிட லேசாக, 7 கிரெயின் பக்கம்.

மருந்து அடைக்கிறவர்கள், கனமான குண்டுக்கு மெதுவாக எரியும் மருந்து, குட்டைப் பேரலுக்கு வேகமாக எரியும் மருந்து என்று பொருத்துவார்கள். நம்மிடம் மருந்துக்குப் பதில் காற்று. அந்தக் காற்றிலும் வகை உண்டு. பேரலை மடக்கும் ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் சட்டென்று பாய்ந்து காற்றை நெரிக்கிறது. தள்ளல் சுருக்கமானது, அதட்டலானது. அதில் கனக்குண்டு போட்டால் குண்டு நகர்வதற்குள் பிஸ்டன் எகிறித் திரும்பும். மிக லேசான குண்டு போட்டால் தடையே இல்லாமல் பிஸ்டன் சிலிண்டர் முனையில் போய் மோதும், ஸ்பிரிங் சீக்கிரம் போகும். குண்டே இல்லாமல் சுடுவதும் அதே கேடுதான். சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கிக்கு 7 முதல் 8.5 கிரெயினுக்குள் தேடுங்கள்.

சிலிண்டரில் காற்றை அடைத்து வைக்கும் வகை, அதாவது பி.சி.பி., கொஞ்சம் நிதானமாக, கடைசிவரை தள்ளும். கனக்குண்டை அது பொறுத்துக்கொள்ளும். அந்த அலுமினிய சிலிண்டரில் தயாரித்த தேதி பொறித்திருக்கும். போட்டி ரைபிள் கம்பெனிகள் பத்து வருஷத்துக்குமேல் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்கின்றன. இரண்டாம் கை ரைபிள் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தேதியைத்தான், பாலிஷை இல்லை. மூன்றாவது வகை கார்பன் டை ஆக்சைடு குப்பி. வெயில் ஏறினால் அழுத்தமும் ஏறும். ஓசூர் டிசம்பர் காலையிலும், தருமபுரி மே மதியத்திலும் அது ஒரே மாதிரி சுடாது. பெல்லட் சோதனைக்கு அந்த வகை ஆகாது.

வேகம் அதிகம் என்றால் குறி நன்றாக விழும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. போட்டி ரைபிள்கள் வினாடிக்கு 170, 175 மீட்டர் வேகத்தில்தான் சுடுகின்றன, ஆற்றல் எட்டு ஜூல் பக்கம். ஒலியின் வேகம் சுமார் 345 மீட்டர். லேசான குண்டை அதை நெருங்கும்படி விரட்டினால் உடுக்கை வடிவம் தள்ளாட ஆரம்பிக்கும்.

சுடும் இடம்

முதல் மாதம் நான் வாங்கிக்கட்டிக்கொண்டது இதில்தான். எங்கள் ஊர்ப் பக்கம் வேலிக்குக்கூடக் கருங்கல் பலகையை வரிசையாக நட்டுவிடுவோம். 'கல்லைத் துளைத்துக்கொண்டா போகப்போகிறது' என்று, ஒரு பழைய பிளைவுட்டை அந்தப் பலகையில் சாய்த்து, அதில் கார்டு ஒட்டிச் சுட்டேன். நாற்பது ஐம்பது குண்டு ஒரே இடத்தில் விழுந்ததும் பிளைவுட்டில் ஓட்டை. அடுத்த குண்டு கல்லில் பட்டு வந்த வழியே திரும்பி, என் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் குடத்தைத் தட்டியது. குடத்தில் கீறல்தான். அது இருந்த உயரம் என் முழங்கால் உயரம். படுத்துச் சுட்டிருந்தால் என் முகத்து உயரம்.

அதனால் கல், சிமெண்ட், இரும்பு எதற்கும் நேர் முன்னால் கார்டு வைக்காதீர்கள். பழைய செய்தித்தாளை இறுக்கி அடுக்கிய மரப்பெட்டியோ, பழந்துணி திணித்த பெட்டியோ, பின்னால் ஒரு தடித்த பலகையோடு வையுங்கள். வாரம் ஒருமுறை பிரித்து, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பாருங்கள். சுடும் கோட்டிலிருந்து கார்டு வரை பத்து மீட்டர், கார்டின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர். கண்ணாடி அணியாமல் யாரும் அந்தப் பக்கம் நிற்கக் கூடாது. பேரலை மடக்கும் வகையில், குண்டு போட்டு முடிக்கும்வரை இடது கை பேரலை விடக் கூடாது. விட்டால் பேரல் பாம்புபோலச் சீறி நிமிரும், கட்டைவிரல் போய்விடும்.

மாந்தோப்பு வைத்திருப்பவர்கள், "கிளி வந்து பெங்களூரா மாங்காயைக் கொத்துது, ரெண்டு குண்டு போடேம்பா" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். முடியாது என்று சொல்லிவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கிளிக்கும் பாதுகாப்பு உண்டு. ஏர்கன் என்பதால் சலுகை கிடையாது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் 2014-இல் அறிவித்த காவேரி வடக்குச் சரணாலயம் இருக்கிறது. அங்கே காரில் ஏர்கன்னோடு போய் நின்றாலே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சோதனை செய்யும் முறை

கடையில் கிடைக்கும் நல்ல டப்பாக்களில் மூன்று, நான்கு வகை வாங்குங்கள். ஆர்.டபிள்யூ.எஸ்., ஹெச் அண்ட் என், ஜே.எஸ்.பி. என்ற கம்பெனிகளில் எதுவானாலும் சரி, தலை அளவு மட்டும் வேறு வேறாக இருக்கட்டும். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு டப்பா வாங்கி, ஐம்பது ஐம்பதாகப் பிரித்துக்கொண்டால் செலவும் குறையும்.

முதலில் பொறுக்குதல். போச்சம்பள்ளி மண்டியில் மாங்காயைத் தரம் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கை தொட்டதும் இது முதல் தரம், இது கூழுக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். அந்தக் கை பெல்லட்டுக்கும் வரும். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை மேஜையில் வைத்து, ஒரு பக்கத்துக்கு அடியில் தீப்பெட்டி கொடுத்துச் சாய்த்துவிடுங்கள். மேலிருந்து ஒரு பெல்லட்டை உருட்டுங்கள். தலையைவிடப் பாவாடை அகலம் என்பதால் அது நேராகப் போகாது, வளைந்து போகும். நல்ல குண்டுகள் எல்லாம் ஒரே வளைவில் போய் ஒரே இடத்தில் விழும். பாவாடை நசுங்கியது தடக் தடக் என்று நொண்டும். தலை கோணியது வேறு பக்கம் ஓடிவிடும். ஐந்நூறு குண்டு டப்பாவில் முதல் தடவை உருட்டும்போது ஒரு மணி நேரம் ஆகலாம். எனக்கு இதைச் செய்யும்போது மனசு அமைதியாகிவிடும், வீட்டில் திட்டு விழும்.

வெர்னியர் என்னும் அளவுகருவியால் தலை விட்டத்தை அளந்துவிடலாம் என்று டூல் ரூம் புத்தியில் நானும் முயன்றேன். தாடை பட்ட இடத்தில் ஈயம் நசுங்குகிறது, ஒவ்வொரு தடவையும் ஓர் அளவு காட்டுகிறது. நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வரிசையாகத் துளை போட்ட தகடு இதற்கென்றே உண்டு. குண்டு எந்தத் துளையில் தலை மட்டும் நுழைகிறது என்று பார்ப்பார்கள். ஆரம்பத்தில் அது இல்லாமலே சமாளிக்கலாம். நகைக்கடைத் தராசில் ஒவ்வொரு குண்டாக எடை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பத்து மீட்டருக்கு அது அதிகப்படி என்பது என் கருத்து. ஐம்பது மீட்டரில் சுடுகிறவர்களுக்கு வேண்டுமானால் பலன் தெரியலாம்.

அடுத்து மேஜை. துப்பாக்கியைத் தாங்க ஒரு பை வேண்டும். பழைய ஜீன்ஸ் பேண்ட்டின் காலை வெட்டி, இரண்டு முனையும் தைத்து, உள்ளே கேழ்வரகு நிரப்பினேன். மணி சின்னதாக இருப்பதால் துப்பாக்கி நன்றாகப் பதியும். இரண்டு மாதத்தில் அந்துப்பூச்சி குடும்பத்தோடு வந்துவிட்டது. இப்போது சலித்த மணல்தான். பி.சி.பி. ரைபிளை அப்படியே பையில் வைத்துச் சுடலாம். ஸ்பிரிங் துப்பாக்கியை நேரடியாகப் பைமேல் வைத்தால் துள்ளும். உள்ளங்கையைப் பைமேல் வைத்து, அதில் துப்பாக்கியை லேசாகக் கிடத்துங்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள். பேரலை எதன்மீதும் சாய்க்கக் கூடாது.

ஃபெல்ட் துணி உருண்டை இரண்டு மூன்றைப் பேரல் வழியாகத் தள்ளித் துடையுங்கள். துடைத்ததும் சோதனையை ஆரம்பிக்காதீர்கள். பேரலுக்குள் மெல்லிய ஈயப் பூச்சு ஏற இருபது குண்டாவது ஆகும். ஒரு டப்பாவிலிருந்து அடுத்த டப்பாவுக்கு மாறும்போதும் முதல் ஐந்தாறு குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

குண்டை விரலால் நேராக, பாவாடை பேரல் விளிம்போடு சமமாகும்வரை தள்ளுங்கள். அப்போதே ஒரு சேதி கிடைக்கும். தொளதொளவென்று விழுந்தால் தலை சிறியது. விரல் நுனி வலிக்கத் தள்ள வேண்டியிருந்தால் பெரியது. இந்த உணர்வை நோட்டில் எழுதிவையுங்கள், முடிவை மட்டும் அதைவைத்து எடுக்காதீர்கள்.

ஒரு கார்டுக்கு ஐந்து குண்டு. வகைக்கு நான்கு கார்டு. வரிசை முக்கியம்: முதல் வகையில் நான்கு கார்டையும் முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனால், கடைசி வகை வரும்போது கண் களைத்திருக்கும், பாவம், பழி அந்த டப்பாமேல் விழும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு சுற்று, திரும்பி மூன்று, இரண்டு, ஒன்று என்று மறு சுற்று. மின்விசிறியை அணைத்துவிடுங்கள். மையத்தில் படுகிறதா என்று கவலைப்படாதீர்கள், குறி பார்க்கும் சைட்டையும் திருகாதீர்கள். குண்டுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பது மட்டும்தான் இங்கே விஷயம்.

பிறகு வெர்னியர். ஓட்டைக் கூட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை, அகலமான இடத்தில் அளந்து, அதிலிருந்து 4.5 கழியுங்கள். மையத்திலிருந்து மைய தூரம் கிடைக்கும். நான்கு கார்டின் சராசரியைப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரு கார்டு அற்புதமாக விழும், அதைத்தான் வாட்ஸ்அப்பில் போடுவோம். முடிவு எடுக்க அந்தக் கார்டு உதவாது, மோசமான கார்டுதான் உதவும்.

எவ்வளவு வந்தால் நல்லது? போட்டிக் கார்டில் பத்தாம் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர், கேழ்வரகு மணியைவிடச் சின்னது. ஓட்டையின் விளிம்பு அதைத் தொட்டாலே பத்து. 4.5 குண்டின் மையம் புள்ளியின் மையத்திலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் தொட்டுவிடும். ஆக, 4.5 கழிக்காமல் ஓட்டைக் கூட்டம் மொத்தம் 9.5 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் அடங்கினால், அந்தப் பெல்லட் எல்லாக் குண்டுக்கும் பத்து தரும் தகுதியுள்ளது. நல்ல போட்டி ரைபிள் இதற்குள் எளிதாக அடக்கிவிடும். சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கி பன்னிரண்டு, பதினைந்தில் நின்றாலும் பழகுவதற்குப் போதும். இரண்டு வகைக்கு நடுவே வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்றால் மலிவானதை வாங்குங்கள்.

ஓட்டைகளின் வடிவமும் பேசும். ஓட்டை வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் கிழிந்திருந்தால் குண்டு சாய்ந்து போயிருக்கிறது. தலை பொருந்தவில்லை என்று சந்தேகப்படலாம். மேலும் கீழுமாக நீண்ட கூட்டம் என்றால் வேகம் மாறிக்கொண்டிருக்கிறது. நான்கு ஓட்டை ஒன்றாகவும் ஒன்று மட்டும் தனியாகவும் இருந்தால், அது பெரும்பாலும் நீங்கள் டிரிகரை வெடுக்கென்று இழுத்தது.

எண்ணெய், ஈயம்

ஸ்பிரிங் துப்பாக்கி கிறீச்சிடுகிறதே என்று தையல் மெஷின் எண்ணெயைக் காற்று வரும் துளையில் நாலு சொட்டு விட்டேன். அடுத்த குண்டுக்குப் பட்டாசு வெடித்ததுபோல் சத்தம், பேரல் வாயில் புகை. நெரிக்கப்படும் காற்றுச் சூடேறி எண்ணெயைப் பற்றவைத்துவிட்டது. டீசல் இன்ஜின் வேலை செய்வதும் இப்படித்தான். 'அட, பவர் கூடிவிட்டதே' என்று மகிழ்ந்து இன்னும் பத்து குண்டு சுட்டேன். சீலும் ஸ்பிரிங்கும் ஒன்றாகப் போயின. அந்தத் துளையில் எண்ணெய் விடாதீர்கள், அவ்வளவுதான்.

குண்டை வாயில் அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஈயம் நஞ்சு. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடையைத் தொடாதீர்கள். பெட்டியைச் சுற்றி விழும் தூசியைத் துடைப்பத்தால் பெருக்கினால் அது காற்றில் ஏறும், ஈரத்துணியால் துடையுங்கள். சிறு பிள்ளைகள் கைக்கு டப்பா எட்டக் கூடாது.

சோதனை முடிந்து ஒரு வகை தேறிவிட்டால், டப்பாவின் பெயர், தலை அளவு, ஸ்டிக்கரில் உள்ள தொகுதி எண் மூன்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதே தொகுதி கிடைத்தால் ஐந்தாறு டப்பாவாக வாங்கிவையுங்கள். அச்சு தேயத் தேய, அதே 4.50 அடுத்த தொகுதியில் வேறு குணம் காட்டும். வேறு தொகுதி வந்தால் இரண்டு கார்டாவது சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

காவேரிப்பட்டணத்துத் தம்பி 4.50-ல் ஒரே தொகுதியாக நான்கு டப்பா வாங்கிவைத்திருக்கிறார். அந்த 4.52 டப்பா என் அலமாரியில் ரொம்ப நாள் தூங்கியது. போன மாதம் பாலக்கோட்டிலிருந்து ஒரு பள்ளிப் பையன் அப்பாவோடு வந்தான், கையில் தேய்ந்துபோன பழைய ஸ்பிரிங் துப்பாக்கி. எந்தக் குண்டு போட்டாலும் தொளதொளவென்று விழுந்தது. அலமாரியிலிருந்து அந்த டப்பாவை எடுத்துக்கொடுத்தேன். ஐந்து குண்டு, பதினோரு மில்லிமீட்டர்.